சட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்: வேலைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு

முதல் சம்பளம் வந்ததும் துணிக்கடைக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டை, பேண்ட், டி-ஷர்ட், கொஞ்சம் வேட்டி. எனக்குத் தெரிந்தது ஆண்கள் உடைதான் என்றாலும், துணியையும் தையலையும் பற்றிச் சொல்வது சுடிதாருக்கும் குர்த்திக்கும் பொருந்தும். ஃபேஷன் பற்றி ஒன்றும் இருக்காது. சென்னை, கடலூர், நாகை போல வியர்த்துக் கொட்டும் ஊர்களில் காலை எட்டு மணிக்குப் போட்ட சட்டை மாலை ஆறு மணிக்கும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அதற்கான வழிகள்தான் இவை.

கடையில் நாம் எல்லாரும் முன்பக்கத்தைப் பார்க்கிறோம்: நிறம், கோடு, கட்டம், காலரில் இருக்கும் பிராண்ட் பெயர். ஆனால் துணி என்ன, தையல் எப்படி, பின்னால் ஆல்டர் செய்ய முடியுமா என்று சொல்வதெல்லாம் உள்பக்கம். கீழே வரும் படிகளில் பாதி, சட்டையை உள்ளே திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றியவைதான்.

படி 1: முதலில் பீரோவைக் காலி செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இருக்கிற துணியை எல்லாம் கட்டிலில் கொட்டுங்கள். துவைத்து வந்ததும் முதலில் கை போகிற சட்டைகள் ஒரு குவியல். போன தீபாவளிக்கு அப்புறம் தொடவே இல்லாதவை இன்னொரு குவியல். போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் நின்று கழற்றி வைத்துவிடுபவை மூன்றாவது.

முதல் குவியல்தான் உங்கள் உண்மையான ரசனை. அதில் என்ன துணி, எந்தக் காலர், எந்த நிறம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது குவியலில் ஒவ்வொன்றையும் ஏன் கழற்றினீர்கள் என்று எழுதுங்கள்: தோள் பிடிக்கிறது, பனியன் தெரிகிறது, வயிற்றில் பட்டன் பிளக்கிறது, குத்துகிறது. இந்தத் துண்டுச் சீட்டோடு கடைக்குப் போனால் சேல்ஸ்மேன் எத்தனை சட்டையை விரித்துப் போட்டாலும் குழம்ப மாட்டீர்கள்.

எத்தனை வேண்டும்? வாரம் ஒருமுறை துவைப்பவருக்கு ஏழு சட்டை, மூன்று பேண்ட் போதும். வேலை நாள் ஐந்தோ ஆறோதானே என்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. மிச்சம் இருப்பது அந்த நாட்களுக்கு.

படி 2: துணியைப் படியுங்கள்

ரெடிமேட் சட்டையின் உள்ளே, இடது அல்லது வலது பக்கத் தையலில், இடுப்புக்குக் கீழே ஒரு சின்னத் துணி லேபிள் இருக்கும். காலர் லேபிளை விட்டுவிட்டு இதைப் படியுங்கள். ‘100% காட்டன்’ என்றோ ‘60% காட்டன், 40% பாலியெஸ்டர்’ என்றோ போட்டிருக்கும். அட்டையில் பெரிய எழுத்தில் ‘காட்டன் ஃபீல்’ என்று இருந்தால் அது தொடும்போது பருத்தி போல இருக்கும் என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே என்ன என்பது லேபிளில்தான் தெரியும்.

இது ஏன் முக்கியம்? நூல் எவ்வளவு ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதற்கு ஜவுளித் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைச் சாதாரணமாகவே பிடித்து வைத்திருக்கும். லினன் 12 வரை போகும். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் பாலியெஸ்டர் சட்டையில் வியர்வை துணிக்குள் போகாமல் முதுகில் ஓடுகிறது, மாலையில் வாடையும் கூடுகிறது. வேலூர், திருத்தணிப் பக்கம் வெயில் கடுமை என்றாலும் காற்று வறட்சி, வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் காயாது. அங்கே இருப்பவர்கள் துணி விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

சட்டைக்கு என் விதி: முழுக் காட்டன், அல்லது பருத்தி 60 சதவீதத்துக்குக் குறையாத கலப்பு. கலப்பில் ஒரு நல்லதும் உண்டு, சுருக்கம் குறையும். தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் நசுங்கிப் போகிறவருக்கு அது லாபம். லினன் குளுமையானது, ஆனால் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். கசங்கல் பிடிக்காது என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பேண்ட் வேறு கதை. அதில் பாலியெஸ்டர் இருந்தால் தப்பில்லை. பாலியெஸ்டரும் விஸ்கோஸும் (மரக்கூழிலிருந்து செய்யும் நூல்) கலந்த துணி மடிப்புக் கலையாமல் நாள் முழுக்க நிற்கும். முழுக் காட்டன் பேண்ட் முட்டியில் புடைத்துப் போகும்.

தைக்காத பீஸ் துணி எடுத்தால் லேபிள் இருக்காது. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி வீட்டுக்கு எடுத்துவந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும், தேய்த்தால் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் நுனியில் கறுப்பாகக் கெட்டியான மணி ஒன்று நிற்கும். நகத்தால் அழுத்தினாலும் உடையாது. கலப்புத் துணி என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அடுத்த முறை அந்தக் கடைக்காரர் ‘பியூர் காட்டன் சார்’ என்று சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கடையிலேயே செய்ய இன்னொரு சோதனை: துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் பனியனும் தெரியும். வெள்ளை, இளமஞ்சள், இளரோஜா நிறங்களுக்கு இதைச் செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

படி 3: அளவை எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்

ஃபார்மல் சட்டையில் 39, 40, 42 என்று இருப்பது பெரும்பாலும் காலரின் சுற்றளவு, செ.மீ. கணக்கில். நெஞ்சளவும் கை நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு இடத்தில் 40 சரியாக இருந்தது என்பதற்காக இன்னொரு இடத்திலும் 40-ஐப் பேக் பண்ணச் சொன்னால் திரும்ப வர வேண்டியிருக்கும். போட்டுப் பாருங்கள், இந்த வரிசையில்.

தோள்: கையும் உடலும் சேரும் தையல், உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். கையில் வழிந்தால் பெரிசு, கழுத்துப் பக்கம் ஏறினால் சிறிசு. இது ஒன்று சரியில்லை என்றால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். பக்கவாட்டில் பிடிப்பதும் நீளம் குறைப்பதும் ஆல்டர் செய்பவருக்குப் பத்து நிமிட வேலை. தோளைச் சரி செய்வது கையைக் கழற்றி, வெட்டி, மறுபடி ஏற்றும் வேலை. பல டெய்லர்கள் தொடவே மாட்டார்கள்.

காலர்: மேல் பட்டனைப் போட்டு இரண்டு விரல் நுழைகிறதா பாருங்கள். டை கட்டாதவர்கூட இதைப் பார்க்க வேண்டும். காலர் இறுக்கமான சட்டை மேல் பட்டனைத் திறந்தாலும் இரண்டு பக்கமும் பிளந்து நிற்கும்.

நெஞ்சு, வயிறு: எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ட்ரையல் ரூமில் ஸ்டூல் இல்லை என்றால் வெளியே வந்து உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நிற்கும்போது அழகாக இருக்கும் சட்டை, உட்கார்ந்ததும் தொப்புளுக்கு நேரே பட்டனுக்கு நடுவில் கண் திறக்கும். உடம்பு அளவைவிட நெஞ்சுச் சுற்றில் நான்கிலிருந்து ஆறு அங்குலம் கூடுதலாக இருந்தால் நம் வெயிலுக்குச் சரி. ‘ஸ்லிம் ஃபிட்’ என்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. உடம்போடு ஒட்டும் துணியில் காற்றுக்கு வழியில்லை.

பஸ் சோதனை: மேல் கம்பியைப் பிடிப்பது போல ஒரு கையைத் தூக்குங்கள். இன் பண்ணியிருக்கும் சட்டை முழுசாக வெளியே வந்துவிட்டால் நீளம் போதாது. வெளியே விட்டுப் போடுகிற சட்டை என்றால் பேண்ட் ஜிப்பை மறைத்து, பின் பாக்கெட்டின் பாதியில் முடிய வேண்டும். அரைக் கைச் சட்டை முழங்கைக்கு இரண்டு மூன்று விரல் மேலே நின்றால் நன்றாக இருக்கும்.

படி 4: இப்போது உள்ளே திருப்புங்கள்

அளவு சரி என்று தெரிந்த பிறகு சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே எடுங்கள். பக்கத் தையலில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 14, 16 இருந்தால் நல்ல வேலை. 8, 9 என்றால் அவசரத்தில் ஓட்டியது, இழுத்தால் இடைவெளி தெரியும். நூல் நுனிகள் தொங்குகின்றனவா, காஜாவை, அதாவது பட்டன் துளையைச் சுற்றி நூல் பிரிகிறதா, பட்டனை லேசாக இழுத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். உதிரிப் பட்டன் ஒன்று உள்ளே தைத்திருந்தால், செய்தவர் நாளையைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

கட்டம் போட்ட சட்டை என்றால் மறுபடி முன்பக்கம் வாருங்கள். பாக்கெட்டின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேர்கிறதா? பட்டன் பட்டியின் இரண்டு பக்கமும் கோடு நேராக ஓடுகிறதா? சேர்த்து வெட்டினால் துணி அதிகம் வீணாகும். அதைச் செய்திருக்கும் கம்பெனி மற்றதிலும் கஞ்சத்தனம் பண்ணியிருக்காது.

பேண்டில் பார்க்க வேண்டியது பின் இடுப்பின் நடுத் தையல். உள்ளே ஓரிரு அங்குலத் துணி மிச்சம் விட்டிருந்தால் அடுத்த வருஷம் தொப்பை வந்தாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஒட்ட வெட்டியிருந்தால் அந்தப் பேண்டின் ஆயுள் உங்கள் டயட்டின் கையில்.

படி 5: நிறம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பேண்டுக்குக் கருநீலம், சாம்பல், காக்கி மூன்றும் எடுத்தால் எந்தச் சட்டையும் சேரும். சட்டையில் வெள்ளையும் கருநீலமும் வியர்வையை மறைக்கும். இளம் சாம்பலும் நடுத்தர நீலமும் அக்குளில் வட்டம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கடையின் மஞ்சள் விளக்கில் நிறம் ஏமாற்றும், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். ஆடித் தள்ளுபடியில் இந்த அடிப்படை நிறங்களை மட்டும் வாங்குவது என் வழக்கம். தள்ளுபடி என்பதற்காக எடுத்த கிளிப்பச்சைதான் படி 1-இன் இரண்டாவது குவியலில் போய்ச் சேரும்.

படி 6: டெய்லரிடம் போனால்

ரெடிமேட் தோள் உங்களுக்குப் பொருந்தவே இல்லை என்றால் தைத்துக்கொள்வதே மேல். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேண்டுக்கு 1.20 அல்லது 1.30 போதும். 36 அங்குலக் கைத்தறித் துணி என்றால் சட்டைக்கு இரண்டே கால் மீட்டர் வேண்டும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறிச் சட்டைத் துணி கிடைக்கும், வெயில் காலத்துக்கு அருமையானது.

காட்டன் துணியை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அப்புறம் கொடுங்கள். சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும். அளவு டேப்பைவிட உங்களுக்கு மிகச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை ‘அளவுச் சட்டை’யாகக் கொடுப்பது நல்லது. “இதே தோள், இதே காலர், வயித்துல மட்டும் ஒரு இஞ்ச் லூஸ் விடுங்கண்ணே, உள்ள துணி விட்டுத் தைங்க” என்று சொன்னால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். புது டெய்லர் என்றால் முதலில் ஒரே ஒரு சட்டை. தீபாவளிக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள்.

டி-ஷர்ட்டும் வேட்டியும்

திருப்பூர் டி-ஷர்ட்டின் கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பது. 160-லிருந்து 180 வரை நமக்குச் சரி. 140-க்குக் கீழே மெல்லிசு, 220-க்கு மேலே சென்னையில் போர்வை. தோளைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பக்கத் தையல் நேராகக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கடையிலேயே சாய்ந்திருந்தால் இரண்டு துவைப்பில் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

வேட்டியில் நான்கு முழம் ஒற்றை, எட்டு முழம் இரட்டை. புதிதாகக் கட்டுகிறவர் எட்டு முழத்தில் தொடங்குங்கள், உள்ளே தெரியுமோ என்ற கவலை இருக்காது. எங்காவது வேட்டிக்கு அனுமதி இல்லை என்று தடுத்தால், 2014-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் நினைவிருக்கட்டும். சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டி வந்தவரை உள்ளே விடாத பிரச்சினையில் வந்தது அது. பொது இடங்களில் வேட்டியைக் காரணம் காட்டி நுழைவை மறுக்கக் கூடாது.

படி 7: துவைப்பதும் தேய்ப்பதும்

புதுத் துணியைத் தனியாகத் துவையுங்கள். சாயம் போகுமா என்று தெரிய, ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையலை அழுத்தித் துடைத்தால் போதும். இங்கேயும் உள்பக்கம்தான்: சட்டையைத் திருப்பித் துவைத்து, திருப்பியபடியே நிழலில் காயப்போட்டால் நிறம் இரண்டு மடங்கு நாள் தாங்கும் என்று நான் உறுதி தர முடியாவிட்டாலும், வெளுப்பு வெளியே தெரியாது. வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சள் படிவது வியர்வையும், வியர்வையைத் தடுக்கும் டியோடரன்ட்டில் இருக்கும் அலுமினிய உப்பும் சேர்வதால். பூசியதும் சட்டையைப் போடாமல், காயவிட்டுப் போடுங்கள்.

காட்டனை லேசான ஈரத்தில் தேய்த்தால் சுருக்கம் சட்டென்று போகும். பாலியெஸ்டர் கலந்த கறுப்புப் பேண்டில் சூடான பெட்டி நேராகப் பட்டால் பளபளவென்று ஒரு மினுக்கல் வரும், பிறகு போகவே போகாது. தெருமுனை இஸ்திரிக் கடையில் கொடுக்கும்போது, மேலே ஒரு துணி போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கொடுங்கள்.