வன்னி வெயிலில் சேதன உலோக இரசாயனம் பழகுவது எப்படி

புதுக்குடியிருப்பில் உயர்தரம் படித்து, இன்று ஊக்கி ஆராய்ச்சி செய்து சம்பளம் வாங்கும் ஆள் நான். சேதன உலோக இரசாயனம் என்றால் காபனும் உலோகமும் நேரடியாகப் பிணைந்த சேர்வைகளின் படிப்பு. ஊருக்கு வந்தால் தம்பி தங்கச்சிமார் கேட்பது ஒன்றுதான்: "காற்றுப் படாத பெட்டி ஒன்றும் இங்கே இல்லை, எங்கே அண்ணா தொடங்குவது?" பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். காற்றும் ஈரமும் எதைக் கெடுக்கும், எதைக் கெடுக்காது என்று பிடிபட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிடும்.

முதலில் கிறினாட் சோதனைப்பொருள்: காபனோடு மக்னீசியம் பிணைந்த, ஈரம் பட்டால் கெட்டுப்போகும் சேர்வை. பரீட்சையில் அம்புக்குறிக்கு மேல் 'உலர் ஈதர்' என்று எழுதாவிட்டால் புள்ளி போய்விடும். இப்போது அதை உண்மையாகவே உலர்த்த வேண்டும். டைஎதில் ஈதர் 34.6 பாகையில் கொதிக்கும். சோளகம் வீசும் நாட்களில் கிளிநொச்சி நிழலே அந்த அளவுக்குச் சுடும். ஆகவே 66 பாகையில் கொதிக்கும் டெட்ராஹைட்ரோபியூரனை எடுங்கள். மாரியில் உப்புப் போத்தலுக்குள் அம்மா நாலு அரிசி போடுவாவே, அந்த வேலையைக் கரைப்பானுக்குள் மூலக்கூற்றுச் சல்லடை மணிகள் செய்யும். 3 ஆங்ஸ்ட்ரோம் துளையுள்ளவற்றை 300 பாகையில் சுட்டு, ஈரம் படாமல் ஆறவிட்டு, கரைப்பானில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள். சோடியம் போட்டுக் காய்ச்சி வடிக்கும் பழைய முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. தீப்பிடித்தால் தண்ணீர்கூட ஊற்ற முடியாது.

குடுவையை 120 பாகை அடுப்பில் இரவு முழுக்க வைத்து, சூட்டோடு பூட்டி, நைதரசன் ஓடவிட்டு ஆற்றுங்கள். மக்னீசியச் சீவல், ஒரு துணிக்கை அயடீன், கொஞ்சம் கரைப்பான், புரோமோபென்சீனில் சில துளி மட்டும். இனிக் கண்ணை எடுக்காதீர்கள். அயடீனின் கபில நிறம் மங்கும், உலோகத்தின் ஓரத்தில் குமிழி கிளம்பும், திரவம் கலங்கும், குடுவை தானாகச் சுடும். அதன் பிறகுதான் மிச்சத்தைத் துளித்துளியாக விட வேண்டும். தொடங்கவில்லையே என்று அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஊற்றினால், பிறகு ஒரேயடியாகக் கிளம்பும், நிறுத்த முடியாது. பனிக்கட்டித் தட்டு பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் செய்யும் வேலையல்ல இது. ஆய்கூடத்தில், மேற்பார்வையாளர் நிற்கும்போது மட்டும்.

அப்புறம் பெரோசீன். 1951 இல் தெரியவந்த இந்தச் செம்மஞ்சள் பளிங்கில் இரும்பு இரண்டு ஐங்கோணக் காபன் வளையங்களுக்கு நடுவே இருக்கிறது. காற்றில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அசற்றிக் நீரிலியும் பொசுபோரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, கிடைத்ததை அலுமினா நிரலில், அதாவது கலவையைப் பிரிக்கும் குழாயில், விடுங்கள். மாறாத பெரோசீனின் மஞ்சள் பட்டை முன்னே இறங்கும், விளைபொருளின் செம்மஞ்சள் பட்டை பின்னே. நிறமே வழிகாட்டும் என்பதால் நிரல் பழக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

ஊக்கி பழகச் சுசூகித் தாக்கம் போதும்: போரோனிக் அமிலத்தின் காபனை இன்னொரு சேர்வையின் காபனோடு பலேடிய உலோக ஊக்கியால் இணைப்பது. ஹெக், நெகிசி, சுசூகி மூவருக்கும் 2010 இல் நோபல் பரிசு கிடைத்தது பலேடியம் கொண்டு காபனோடு காபனை இணைத்ததற்காக. இதில் தண்ணீர் இருந்தாலும் பரவாயில்லை, போரோனிக் அமிலம் சாதாரணப் போத்தலில் கிடக்கும். ஆனால் பலேடியம் போடாத குடுவை ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அது இல்லாத முடிவை நான் நம்புவதேயில்லை. 2003 இல் பலேடியமே இல்லாமல் இந்தத் தாக்கம் நடந்ததாக ஓர் ஆய்வு வந்தது. 2005 இல் அதே குழுவே காரணத்தைச் சொன்னது: வாங்கிய சோடியம் காபனேற்றில் பில்லியனுக்கு 50 பங்கு அளவில் பலேடியம் ஒளிந்திருந்தது!

படிப்பு வழி நீங்கள் அறிந்ததுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் ஒன்று. வெட்டுப்புள்ளி தவறினால் ராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவனத்தின் பட்டதாரிக் கற்கை. இரண்டும் ஆங்கிலத்தில்தான், முதல் வருடம் திணறும், சரியாகிவிடும்.

கலாநிதிப் படிப்புக்குக் காசு கட்டாதீர்கள். அமெரிக்காவில் பல இரசாயனத் துறைகள் கற்பித்தல் உதவியாளர் வேலையோடு கட்டணத்தைத் தள்ளி, மாதப்படியும் தரும். பேராசிரியருக்கு எழுதும்போது புகழ்ச்சி வேண்டாம். கையால் செய்த ஒரு தாக்கம், விளைவு எத்தனை வீதம், எந்த நிறமாலையால் உறுதி செய்தீர்கள், ஊக்கி போடாத குடுவையில் என்ன நடந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.