தரைக்கு ஓக் பலகை வாங்கும் முன்: டர்பன் வீட்டுக்கு எது சரிப்படும்?

கடையில் ‘ஓக்’ என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் ஒரே மரம் அல்ல. தரைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று: அமெரிக்க ரெட் ஓக், அமெரிக்க வைட் ஓக், ஐரோப்பிய ஓக். லேமினேட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் இருப்பது மரம் மாதிரி அச்சடித்த தாள்.

படி 1: வார்னிஷ், ஸ்டெயின் (மரத்துக்கு அடிக்கும் சாயம்) எதுவும் பூசாத மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். ரெட் ஓக்கில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், ஆனால் ஸ்டெயின் அடித்துவிட்டால் அது மறைந்துவிடும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

படி 2: துண்டின் வெட்டுமுனையைப் பாருங்கள். பலரும் இடறுவது இங்கேதான். ரம்பம் அறுத்த முனையை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நார் நசுங்கித் துளைகளை அடைத்திருக்கும். புது பிளேடு போட்ட கட்டரால் முனையில் ஒரு சிறு இடத்தை மெல்லியதாகச் சீவி, விரலால் தண்ணீர் தொட்டு ஈரமாக்குங்கள். அப்புறம் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். போன் கேமராவை ஜூம் செய்வது எனக்கு ஒத்துவரவில்லை.

மரத்தின் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். அவை திறந்து கிடந்தால் ரெட் ஓக். பளபளப்பான சவ்வு போல ஏதோ அடைத்திருந்தால் வைட் ஓக் அல்லது ஐரோப்பிய ஓக். விஸ்கிப் பீப்பாய்க்கு வைட் ஓக்கை எடுப்பதும் இதனால்தான். ரெட் ஓக்கில் செய்தால் ஒழுகும்.

திடப்பலகையாக (முழுவதும் ஓக்காக) இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. விரல் நீளத் துண்டின் ஒரு முனையை சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதுங்கள். குமிழி வந்தால் ரெட் ஓக். ஆனால் வைரம் பாய்ந்த உள்பகுதியில்தான் இதை நம்பலாம், வெளிறில் (பட்டையை ஒட்டிய வெளிர்ந்த பகுதியில்) வைட் ஓக்கும் காற்றை விட்டுவிடலாம். அடியில் பிளைவுட் ஒட்டிய எஞ்சினியர்டு பலகைக்கு லென்ஸ்தான் வழி.

அமெரிக்க வைட் ஓக்கையும் ஐரோப்பிய ஓக்கையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. நடக்கிற காலுக்கு அந்த வித்தியாசம் பெரிதுமில்லை. ‘ஐரோப்பிய’ என்ற பெயருக்காக நான் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன்.

(கேப் டவுன் பக்கத்து ஊரான ஸ்டெல்லன்பாஷ் தெருக்களில் நிற்பதும் ஐரோப்பிய ஓக்தானே என்று கேட்கலாம். 17ஆம் நூற்றாண்டில், கேப்பை ஆண்ட டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் காலத்தில் நடத் தொடங்கியவை. கேப் வெயிலில் வேகமாக வளர்ந்த அந்த மரம் பீப்பாய்க்கு உதவவில்லை.)

படி 3: ஜாங்கா கடினத்தன்மை எண், அதாவது மரத்தில் பள்ளம் விழ எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு. வைட் 1360, ரெட் 1290, ஐரோப்பிய ஓக் சுமார் 1120 பவுண்டு விசை. விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வார்கள். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுவதால் நான் இதற்குப் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை.

படி 4: டர்பனில் முக்கியமானது பலகை உப்புவதும் சுருங்குவதும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது வளையத்தின் போக்கில் வைட் ஓக் 10.5 சதவீதம் சுருங்கும், ரெட் ஓக் 8.6. அடைபட்ட துளை, சிந்திய தண்ணீர் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். காற்றின் ஈரத்தை அது தடுக்காது. கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் திடீரென்று மலைப்பக்கத்திலிருந்து வீசும் வறண்ட பெர்க் காற்று. பலகை உப்பும், சுருங்கும். அதனால் அகலப் பலகை வேண்டாம். வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த குவார்ட்டர்-சான் பலகை கிடைத்தால் நல்லது, ஆரத்தின் போக்கில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி) சுருக்கம் ஏறக்குறைய பாதிதான். கட்டுப்படியாகாவிட்டால், மேலடுக்கு 4 மி.மீ.க்குக் குறையாத எஞ்சினியர்டு வைட் ஓக் என் தேர்வு.

பின்சேர்க்கை: டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு அக்கா, வெள்ளிக்கிழமை வீடு துடைத்த பிறகு பூந்தொட்டி ஸ்டாண்ட் இருந்த இடத்தில் கருநீலக் கறை விழுந்ததாக எழுதியிருந்தார். பூஞ்சையாக இருக்குமோ என்று பயந்துவிட்டார். ஓக்கில் உள்ள டானின் (துவர்ப்புப் பொருள்), ஈரம், இரும்பு மூன்றும் சேர்ந்தால் இந்தக் கறை வரும். வைட் ஓக்கில் டானின் அதிகம். வாளித் தண்ணீர் ஊற்றாமல் பிழிந்த துணியால் துடைத்து, இரும்புக் கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். விழுந்த கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுக்கும். விஷமானது, கையுறை கட்டாயம். முதலில் மேல்பூச்சைத் தேய்த்து எடுத்தால்தான் அது வேலை செய்யும், மேலடுக்கு 2 மி.மீ. என்றால் அந்தத் தேய்ப்பிலேயே பிளைவுட் தெரிந்துவிடலாம்.