‘நாளைக்கு வர வேண்டாம்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

சிங்கப்பூரில் ஷிப்யார்டு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ’ என்று சொல்லிவிட்டுப் போனார். மனதுக்குள் தமிழில் மாற்றிப் பார்த்தேன்: ‘நாளைக்கு நீ வர வேண்டாம்.’ வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்காக அப்பா எங்கள் மூன்று மா நிலத்தை ஒத்திக்கு விட்டிருந்தார். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிறு முழுக்க ரூமிலேயே கிடந்தேன். உடன் இருந்தவர்கள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமைதான் விஷயம் புரிந்தது. ‘வந்தே ஆக வேண்டும் என்று இல்லை, விருப்பம் இருந்தால் வா’ என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது வாரத்தில் மூன்று நாள், வெளிநாடு கிளம்பும் பையன்களுக்கு வீட்டுத் திண்ணையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பாடமாக இதைத்தான் எடுப்பேன்.

பாதிப் பாடம் நமக்கு ஏற்கெனவே தெரியும். ‘போகவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போக, இல்லை. ‘போக’ என்ற சொல்லில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. இலக்கணத்தில் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் என்பார்கள். போக மாட்டேன், போக முடியாது, போகக் கூடாது, போக வேண்டாம் எல்லாவற்றிலும் அதே ‘போக’தான். யாராவது ‘போனவில்லை’ என்பார்களா? ஆங்கிலத்திலும் அப்படியே. ‘டிட் நாட் கோ’வில் காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டது. ‘கோ’ வெறுமனே நிற்கும். ‘டிடின்ட் வென்ட்’ என்று வாயில் வந்தால் ‘போனவில்லை’யை நினைத்துக்கொள்ளுங்கள். ‘டஸின்ட் கோஸ்’ என்பதும் அதே தப்புதான்.

எங்கே ‘டு’ வரும், எங்கே வராது என்பதைக் காதால்தான் பழக வேண்டும். கான்ட், வோன்ட், மஸ்ட் நாட், ஷுட் நாட் இவற்றுக்குப் பின்னால் ‘டு’ இல்லை: ‘ஐ கான்ட் கோ’. டோன்ட் வான்ட், டோன்ட் ஹேவ், டோன்ட் நீட் இவற்றுக்குப் பின்னால் ‘டு’ கட்டாயம்: ‘ஐ டோன்ட் வான்ட் டு கோ’. ‘யூ ஹேட் பெட்டர் நாட் கோ’ என்பதில் ‘டு’வை நுழைக்காதீர்கள். அது ‘போகாமல் இருப்பதே நல்லது’ என்று எச்சரிக்கும் பேச்சு.

சரி, வேண்டாமுக்கு வருவோம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தச் சொல்தான். ‘வர வேண்டாம்’ என்று தமிழில் சொன்னால், வரக் கூடாது என்றும் அர்த்தம் வரும், வரத் தேவையில்லை என்றும் வரும். சொல்கிற குரலையும் முகத்தையும் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வரத் தேவையில்லை. இதில் குழப்புவது என்னவென்றால், ‘நாட்’ இல்லாதபோது ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுமே கட்டாயம். ‘நாட்’ வந்து சேர்ந்ததும் வெகுதூரம் விலகிவிடுகின்றன. ஒன்றில் ‘நாட்’ செயல்மேல் விழுகிறது: வராமல் இருப்பது கட்டாயம். மற்றதில் கட்டாயத்தின்மேல் விழுகிறது: அந்தக் கட்டாயமே இல்லை.

பையன்களை ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்வேன். மீறிச் செய்தால் திட்டு விழுமா? விழும் என்றால் ‘மஸ்ட் நாட்’. விழாது என்றால் ‘டோன்ட் ஹேவ் டு’. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனவர்களுக்கு உடனே பிடிபடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது ‘மஸ்ட் நாட்’. நன்றாகக் காய்ந்த நெல்லை மறுபடி களத்தில் கொட்டிக் காயவைக்கத் தேவையில்லை. இது ‘டோன்ட் ஹேவ் டு’. காயவைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொரு வேண்டாமும் இருக்கிறது. விருந்தாளியிடம் அன்பாக ‘நீங்க அவ்வளவு தூரம் வர வேண்டாம்’ என்று சொல்ல நினைத்து, ‘ஐ டோன்ட் வான்ட் யூ டு கம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். நீ வருவது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அந்த இடத்திலும் ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’தான் சரி.

அடுத்து ‘நாட்’ உட்காரும் இடம். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டார். பஞ்சாயத்து கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஐ டோல்ட் ஹிம் நாட் டு ஓப்பன் தி ஷட்டர்’ என்றால், திறக்காதே என்று நான் சொல்லியிருந்தேன்; மீறித் திறந்தது அவர் குற்றம். ‘ஐ டிடின்ட் டெல் ஹிம் டு ஓப்பன் தி ஷட்டர்’ என்றால், நான் திறக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வாயே திறக்காமல் கூட இருந்திருக்கலாம். சொற்கள் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான். ‘நாட்’ முன்னே நிற்கிறதா, ‘டு’வை ஒட்டி நிற்கிறதா என்பதில் ஒருவர்மேல் பழி விழுகிறது அல்லது விழாமல் போகிறது. விபத்து நடந்து சேஃப்டி ஆபீசர் வாக்குமூலம் எழுதும்போது இந்த இடத்தில் தடுமாறக் கூடாது. அதனால் இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒவ்வொரு பையனும் பத்துத் தடவை சொல்லாமல் திண்ணையை விட்டு இறங்க விடமாட்டேன்.

‘ட்ரை’யும் இதே மாதிரி. ‘ட்ரை நாட் டு ஸ்லீப்’ என்றால் தூங்காமல் இருக்கப் பார். ‘டோன்ட் ட்ரை டு ஸ்லீப்’ என்றால் தூங்கப் பார்க்காதே. டிசைடட், பிராமிஸ்டு இரண்டிலும் பெரும்பாலும் ‘நாட் டு’ என்றே வரும்: ‘ஐ டிசைடட் நாட் டு கோ’. பேச்சில் ‘டு நாட் கோ’ என்பாரும் உண்டு, தப்பில்லை. எழுதும்போது ‘நாட் டு’ என்றே எழுதுங்கள். ‘வான்ட்’ மட்டும் வேறு. ‘ஐ வான்ட் நாட் டு கோ’ காதுக்கு ஒட்டாது. ‘நாட்’டை முன்னே இழுத்து ‘ஐ டோன்ட் வான்ட் டு கோ’ என்பதுதான் பழக்கம்.

நடந்து முடிந்த விஷயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘ஐ டிடின்ட் நீட் டு கோ’ என்றால் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. போனாரா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ‘ஐ நீட் நாட் ஹேவ் கான்’ என்றால் போனது நிச்சயம், போனது வீண்.

கடைசியாகக் காது. ‘ஐ கேன் கோ’ என்பதை வேகமாகச் சொல்லும்போது ‘கேன்’ தேய்ந்து ‘கன்’ என்று ஆகி, அழுத்தம் ‘கோ’வுக்குப் போய்விடும். ‘கான்ட்’டில் கடைசி ‘ட்’ விழுங்கப்பட்டாலும் சொல் அழுத்தமாக நிற்கும். ‘ட்’டைத் தேடாமல் அழுத்தத்தைத் தேடுங்கள். அப்படியும் பிடிபடவில்லையா, ‘கேன் ஆர் கேனாட்?’ என்று கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்டதற்காக என்னிடம் அங்கே யாரும் முகம் சுளித்ததில்லை.