டெண்டர் கைவிட்டுப் போனபின் இருக்கும் பத்து நாட்கள்: சேலத்துத் தொழில்நுட்ப நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு அலுவலகம் ஒன்றின் மென்பொருள் பராமரிப்புக்கோ கண்காணிப்புக் கேமரா அமைக்கும் பணிக்கோ ஒப்பந்தப்புள்ளி கொடுத்த சிறு நிறுவனத்தார், அது நியாயமின்றி நிராகரிக்கப்பட்டதாகக் கருதினால், பெரும்பாலும் முதலில் செய்வது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பதுதான். மனுவுக்கு ரசீது கிடைக்கிறது, மனு துறைக்கு அனுப்பப்படுகிறது, பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பிலேயே சட்டம் தந்த காலம் முடிந்துவிடுகிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, ஏற்பு அதிகாரியின், அதாவது ஒப்பந்தப்புள்ளியை ஏற்பதா நிராகரிப்பதா என்று முடிவெடுப்பவரின், ஆணையால் பாதிக்கப்பட்டவர் அந்த ஆணை தமக்குக் கிடைத்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். குறைதீர்க்கும் மனு இந்த மேல்முறையீட்டுக்கு ஈடாகாது. தோற்றவர்களின் வழக்குகள் பலவீனமடைவதற்கு வாதத்தின் குறையைவிட இந்தப் பத்து நாட்களை இழந்ததே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இதே வகைத் தவறு, ஆவணங்களுக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மட்டும் நம்பியிருப்பது. 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் பதில் தர 30 நாட்கள் அவகாசம் உண்டு. மேலும் போட்டி நிறுவனத்தின் வணிக இரகசியம் என்று சொல்லி அதன் 8ஆம் பிரிவின்கீழ் மறுக்கவும் வழியிருக்கிறது. ஆனால் வெளிப்படைத்தன்மைச் சட்டமே, ஏற்கப்பட்டவரின் பெயரையும் மற்றவர்களுடைய ஒப்பந்தப்புள்ளிகள் நிராகரிக்கப்பட்ட காரணங்களையும் டெண்டர் செய்திகளை வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிதழின் அலுவலருக்கு ஏற்பு அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே முடிவு தெரிந்த அன்றே, காரணங்களைத் தெரிவிக்குமாறு ஏற்பு அதிகாரிக்கு எழுத்துமூலம் கேட்டு, அதற்கான ஒப்புகையைப் பெற்றுவிட வேண்டும். டெண்டர் இணையதளத்தில் உள்ள தொழில்நுட்ப மதிப்பீட்டுச் சுருக்கம், விலை ஒப்பீட்டுப் பட்டியல், திருத்த அறிவிப்புகள், தாம் சமர்ப்பித்ததற்கான ஒப்புகை ஆகிய அனைத்தையும் அப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த அலுவலகத்துக்கு எந்தச் சட்டம் என்பதைப் பார்க்காமல் மனு எழுதுவதும் நம் ஊரில் அடிக்கடி நேர்கிறது. சேலம் மாநகராட்சியும் பெரியார் பல்கலைக்கழகமும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. சேலம் உருக்காலையோ மத்தியப் பொதுத்துறை நிறுவனமான செயில் (SAIL) என்னும் இந்திய உருக்கு ஆணையத்துக்குச் சொந்தமானது. சேலம் ரயில்வே கோட்டமும் மத்திய அரசைச் சேர்ந்தது. இவற்றின் டெண்டரில் தோற்றவர் 11ஆம் பிரிவைச் சுட்டி மேல்முறையீடு எழுதினால், அது வாசலிலேயே நின்றுவிடும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 173ஆம் விதி, நிபந்தனைகளையும் நிராகரிப்பையும் கேள்வி கேட்க ஏலதாரருக்கு வழிசெய்யும் பிரிவு டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதைத் தோற்றபின் தேடாமல், ஆவணத்தைப் பதிவிறக்கிய அன்றே படித்திருக்க வேண்டும்.

தோற்றபிறகு நிபந்தனையைக் குறைகூறுவது இன்னொரு பெரிய பிழை. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கேமரா பொருத்தி, கட்டுப்பாட்டு அறையோடு இணைத்து, ஐந்தாண்டு பராமரிக்கும் பணிக்கு டெண்டர் வந்ததாகக் கொள்வோம். ஆண்டு வர்த்தகம் பணி மதிப்பைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும் என்றோ, ஒரே ஒரு தயாரிப்பாளரின் கருவிக்கு மட்டும் பொருந்தும் விவரக்குறிப்போ அதில் இருந்தால், அதை எதிர்க்க வேண்டிய இடம், ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதற்கு முன் ஐயங்களைக் கேட்க அலுவலகம் நடத்தும் முன்னோட்டக் கூட்டமும், கடைசித் தேதிக்கு முன் எழுதும் கடிதமும்தான். தமிழ்நாட்டு விதிகளின்படி இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் குறைந்தபட்ச அவகாசம் தரப்படுவதால், எதிர்ப்பைப் பதிவு செய்ய நேரம் இருக்கவே செய்கிறது. எதுவும் சொல்லாமல் கலந்துகொண்டுவிட்டு, தோற்றபின் நிபந்தனையே தவறு என்று சொல்பவரை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

மேல்முறையீட்டின் உள்ளடக்கத்தில்தான் தவறுகள் மிகுதி. எங்கள் மென்பொருள் சிறந்தது, எங்கள் ஆட்கள் இங்கேயே ஐந்து ரோட்டில் இருப்பதால் பழுதானால் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த ஆதங்கம் உண்மையானது. அதைப் பலமுறை நேரில் கேட்டிருக்கிறேன். ஆயினும் கேள்வி அதுவன்று. டெண்டர் முடிவில் நீதிமன்றம் தலையிடலாமா என்பதற்கு, 2006 டிசம்பரில் ஜகதீஷ் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்விகளை வகுத்தது. முடிவு கெட்ட நோக்கத்தோடோ ஒருவருக்குச் சாதகமாகவோ, அல்லது பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுத்திருக்க முடியாத அளவுக்குத் தன்னிச்சையாகவோ எடுக்கப்பட்டதா என்பது முதல் கேள்வி. அதனால் பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்பது இரண்டாவது. எனவே மேல்முறையீடு, டெண்டர் ஆவணத்தின் எந்த உட்பிரிவு எந்தப் பக்கத்தில் என்ன கேட்டது, நாம் எந்தப் பக்கத்தில் என்ன கொடுத்தோம், மதிப்பீட்டில் அது எவ்வாறு விடுபட்டது, அதே தளர்வு வென்றவருக்கு மட்டும் தரப்பட்டதா என்று வரிசையாகக் காட்ட வேண்டும்.

சொற்களின் பொருளைப் பற்றிய வாதத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மத்திய அரசின் நவோதயா பள்ளிகளை நடத்தும் நவோதயா வித்யாலயா சமிதி மாணவர்களுக்கு டேப்லெட் வாங்க விட்ட டெண்டரில், அதே வகை அல்லது அதுபோன்ற பொருளை முன்பு வழங்கிய அனுபவம் கேட்கப்பட்டது. ஸ்மார்ட்போன் வழங்கிய அனுபவத்தைக் காட்டிய நிறுவனத்தைச் சமிதி நிராகரித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றும், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமிதியின் முடிவையே நிலைநிறுத்தியது; ஆவணத்தை எழுதியவரே அதன் தேவையை நன்கறிந்தவர் என்பது அதன் அணுகுமுறை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடும் என்று தோன்றினால், முன்னோட்டக் கூட்டத்திலேயே எழுதிக் கேட்டுப் பதிலைப் பெற்றிருக்க வேண்டும்.

விலையைப் பார்க்கும் முன்பே, தகுதியைக் காட்டும் தொழில்நுட்ப உறையிலேயே தகுதியிழந்த நிறுவனம், தன் தகுதியிழப்பைத் தொடாமல் வென்றவரின் சான்றிதழை மட்டும் தாக்குவதும் பயன் தராது. வென்ற நிறுவனத்தை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் வழக்குத் தொடுப்பதும், ஓர் அதிகாரி கையூட்டுப் பெற்றார் என்று எழுதிவிட்டு அவரைப் பெயர் சொல்லித் தரப்பினராகச் சேர்க்காமல் விடுவதும் வழக்கையே வீழ்த்தக்கூடியவை. ஆதாரம் இல்லாத இடத்தில் கையூட்டு என்ற சொல்லை எழுதாமல் இருப்பதே மனுவுக்கு வலு.

மேல்முறையீட்டுக்குப் பின்னும் நியாயம் கிடைக்காவிட்டால் நீதிப்பேராணை (ரிட்) மனு போட வேண்டிய இடம் சென்னையிலுள்ள உயர் நீதிமன்றமே. சேலம் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வராது. பணி ஆணை வழங்கப்பட்டுக் கருவிகளும் இறக்கப்பட்டபின் தடையாணை கிடைப்பது அரிது. வழக்குக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்க்கும்போது, மதுப்புட்டிகளில் ஒட்டும் ஹாலோகிராம் முத்திரைக்கான தமிழ்நாட்டு டெண்டர் பற்றிய யூஃப்ளெக்ஸ் வழக்கையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021 செப்டம்பரில் அதைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், தோற்ற தரப்பினரே வழக்குச் செலவை ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டது. வழக்கு நடக்கும்போது தம் ஒப்பந்தப்புள்ளியின் செல்லுபடிக் காலம் முடிந்துவிடாதபடி, அதை நீட்டிப்பதாக அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தையும் அனுப்பிவிட வேண்டும்.