‘சாகணும்போல இருக்கு’ என்று வீட்டில் ஒருவர் சொன்னால்: நாம் செய்யும் தவறுகள்

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். அதே கணக்கில், வாய்விட்டுச் சொல்கிறவர் செய்யமாட்டார் என்று நம்பிவிடுகிறோம். தற்கொலையால் இறந்தவர்களில் பலர் அதற்கு முன் யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். “இனி யாருக்கும் பாரமா இருக்கமாட்டேன்” என்பதும் அப்படிச் சொல்வதுதான். ‘சும்மா மிரட்டுறான்’ என்று ஒதுக்காதீர்கள்.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயந்து சும்மா இருப்பதும் தவறு. கேட்பதால் எண்ணம் வராது. பலருக்குப் பாரம் இறங்கும். ஆனால், “அப்படியெல்லாம் ஒண்ணும் யோசிக்கலையே?” என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள்.

பதில் வந்ததும் “உனக்கென்ன குறைச்சல்? புள்ளைங்க முகத்தைப் பாரு” என்று ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்வில் தவிப்பவருக்கு அது இன்னொரு சுமை. கோயிலுக்குப் போய்வரச் சொல்வதும் பரிகாரம் சொல்வதும் பிறகு இருக்கட்டும். முதலில் அவர் பேசி முடிக்கட்டும்.

எனக்கு மிக மோசமாகப் படுவது, “முடிவு பண்ணினவனை யார் தடுக்க முடியும்?” என்ற பேச்சுதான். இலங்கையைப் பாருங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. கஷ்டங்கள் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அந்த நேரத்தில் ஆபத்தானது கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். சாகத் துடிக்கும் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடும். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள்.

“யார்கிட்டயும் சொல்லாதே” என்று சத்தியம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்கென்றே இயங்குகிறது. இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். உயிருக்கே ஆபத்து என்றால், இந்தியாவில் யோசிக்காமல் 108 ஆம்புலன்ஸ்.

போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் கண்டம் தாண்டியது என்று ஓய்ந்துவிடுகிறோம். அதற்குப் பிந்தைய வாரங்களில்தான் ஆபத்து அதிகம். உறவுக்காரர்கள் கூடி “ஏன் இப்படிப் பண்ணினே?” என்று விசாரிப்பதைத் தடுங்கள். மாத்திரைகளை வேறொருவர் வைத்திருந்து, அந்தந்த வேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். டாக்டர் மறுபடி வரச் சொன்ன தேதிக்கு அவரைத் தனியாக அனுப்பாமல் யாராவது கூடப் போங்கள்.