5 ஹெச்பி போர் மோட்டாருக்கு ஆட்டோ பேனல் வயரிங்

மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்திருந்து தண்ணீர் பாய்ச்சும் காவிரி டெல்டாவில் மோட்டார் எரிய முக்கியக் காரணங்கள் இரண்டு: ஒரு பேஸ் விட்டுப்போவது, வோல்டேஜ் இறங்குவது. இரண்டிலிருந்தும் மோட்டாரை, கரண்ட் வந்ததும் தானே ஓடவிடும் ஆட்டோ பேனலிலேயே காக்கலாம். வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். மெயினை இறக்கி, மூன்று பேஸும் செத்துவிட்டதை மீட்டரால் பார்த்த பிறகே பெட்டியில் கை வைக்க வேண்டும்.

5 ஹெச்பி என்பது 3.7 கிலோவாட். போர் மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 8 முதல் 11 ஆம்பியர் இழுக்கும்; நேம் பிளேட்டில் உள்ள எண்தான் கணக்கு. 20 ஆம்பியர் சி கர்வ் (ஸ்டார்ட் கரண்டைத் தாங்கும் வகை) மூன்று போல் எம்சிபி (கரண்ட் மீறினால் மூன்று பேஸையும் ஒன்றாக இறக்கும் சுவிட்ச்), 18 ஆம்பியர் கான்டாக்டர் (காயில் இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்), நேம் பிளேட் ஆம்பியர் தன் வீச்சின் நடுவில் வரும் ஓவர்லோடு ரிலே (சுமை மீறினால் டிரிப் ஆகி மோட்டாரை நிறுத்துவது), ஒற்றை பேஸ் தடுப்பான் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது), 415 வோல்ட் டைமர் (சிறிது நேரம் கழித்து மோட்டாரை எழுப்புவது), ஆட்டோ/மேனுவல் சுவிட்ச், பச்சை, சிவப்பு பட்டன்கள் வேண்டும். பவருக்கு 2.5 சதுர மி.மீ., கன்ட்ரோலுக்கு 1 சதுர மி.மீ. காப்பர் வயர். ஒவ்வொரு முனைக்கும் லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடியுங்கள். வெறும் பிரியைத் திருகினால் நாளடைவில் தளர்ந்து சூடாகும்.

பவர் வழி: எம்சிபி, கான்டாக்டர், ரிலே, மோட்டார். கன்ட்ரோல் வழி (கான்டாக்டர் காயிலை இயக்குவது): எம்சிபிக்குப் பின் ஒரு பேஸிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியே ரிலேயின் 95-96 (டிரிப் ஆனால் திறக்கும் முனைகள்), அடுத்து தடுப்பானின் காண்டாக்ட், அடுத்து சிவப்பு பட்டன், அதன் பின் பச்சை பட்டன். பச்சைக்கு இணையாகக் கான்டாக்டரின் 13-14 (கான்டாக்டர் இழுத்ததும் மூடும் துணை முனைகள்). அங்கிருந்து காயிலின் ஏ1. ஏ2 இன்னொரு பேஸுக்கு.

காயில் இரண்டு பேஸில்தான் நிற்கிறது. மூன்றாவது பேஸ் போனாலும் கான்டாக்டர் விடாது. மோட்டார் மீதி இரண்டில் ஓடி, ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால்தான் தடுப்பான் கட்டாயம். வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகை இங்கே ஏமாறும்: ஓடுகிற மோட்டாரே விட்டுப்போன பேஸில் வோல்டேஜ் உண்டாக்கிக் காட்டும். மோட்டார் வயர்கள் நுழைந்து போகும், கரண்டைப் பார்க்கும் வகையையே வாங்குங்கள்.

ஆட்டோவுக்கு, சிவப்பு பட்டனுக்குப் பின்னிருந்து ஆட்டோ சுவிட்ச் வழியே டைமருக்கு வயர் கொடுத்து, டைமர் காண்டாக்டைப் பச்சை பட்டனுக்கு இணையாகச் சேருங்கள். கரண்ட் வந்ததும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாக எழுந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், கான்டாக்டர் கடகடவென்று அடித்து முனைகள் தீய்ந்துபோகும். பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒருவர் 1 நிமிடம், அடுத்தவர் 2, அதற்கடுத்தவர் 3 என்று வைப்பதே நல்லது. வோல்டேஜ் எப்போதும் குறைவென்றால் பம்பு ஸ்டார்ட்டருக்கான அகல வீச்சுக் காயில் (குறைந்த வோல்டேஜிலும் விடாமல் பிடிப்பது) போடுங்கள். ரிலே ரீசெட் மேனுவலில் இருக்கட்டும்; ஆட்டோவில் விட்டால் டிரிப் ஆன மோட்டார் ஆறியதும் தானே ஓடி மறுபடி சூடாகும். டிரிப் ஆகிறது என்று ரிலேயின் ஆம்பியர் குமிழை ஏற்றி வைக்கவே கூடாது. ஆட்டோவில் சிவப்பு பட்டனை அழுத்தினால் டைமர் முடிந்து மோட்டார் மறுபடி எழும். பழுது பார்க்குமுன் எம்சிபியோடு மெயினையும் இறக்குங்கள்.

பெட்டியைக் கொட்டகைச் சுவரில் வெள்ள மட்டத்துக்கு மேலே மாட்டி, வயர் நுழையும் துளைகளெல்லாம் கீழ்ப்பக்கம், கிளாண்ட் (வயரைச் சுற்றித் துளையை அடைக்கும் வளையம்) போட்டு வையுங்கள். ஒரு துளை திறந்திருந்தாலும் பல்லி கான்டாக்டருக்குள் போய் ஷார்ட் ஆக்கும். வேதாரண்யம், நாகை உப்புக் காற்றில் இரும்புப் பெட்டியைவிட ஃபைபர் பெட்டி நீடிக்கும். எர்த் இரண்டு, தனித்தனிக் குழியில். களிமண்ணில் ஈரம் தங்கும். ஆற்றோர மணலில் கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

இணைக்குமுன் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) மோட்டார் கேபிளைப் பாருங்கள். 1 மெகாஓம்முக்குக் கீழ் என்றால் இணைக்காதீர்கள். ஓடவிட்டதும் தண்ணீர் குறைவாக வந்தால் சுற்று தலைகீழாக இருக்கலாம்: மோட்டார் முனையில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிப் பாருங்கள், அதிகம் தண்ணீர் தருவதே சரியான சுற்று. பிறகு வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸின் ஆம்பியரையும் அளந்து மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள்.