நாலு நுங்கு, ஒரே சாம்பல்: மாணவர் குழுவுக்கு ஒரு ஸ்ரென்சில் வேலை

சீவிய நுங்கை மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டம், அதற்குள் மூன்று கண். அன்றாடப் பொருளையே படமாக்கும் பொப் ஆர்ட்டுக்கு இதைவிட எளிய உருவம் யாழ்ப்பாணத்தில் தேடத் தேவையில்லை. இதை நாலு பலகையில் ஒரே அளவில் அச்சடித்து, நிறத்தை மட்டும் மாற்றப் போகிறோம். ஒரே பொருளை அடுக்கடுக்காக வைப்பது அமெரிக்க பொப் ஓவியர் அன்டி வோர்ஹோலின் வழி. 1962இல் அவர் சூப் ரின்னை 32 கன்வஸில் தீட்டினார். ஸ்ரென்சில், அதாவது உருவத்தை வெட்டியெடுத்த அச்சுத் தாள், தெரு ஓவியர்களின் கருவி. 1981இலிருந்து பாரிஸ் சுவர்களில் பிளெக் லெ ரா எலிகளை அடித்தது இப்படித்தான். நிறக்கோட்பாடு அந்த மூன்று கண்களில் இருக்கிறது. நாலு பலகையிலும் அவற்றுக்கு ஒரே போத்தலில் கலந்த சாம்பல்தான். ஆனால் பார்ப்பவருக்கு நாலும் வேறுவேறாகத் தெரியும். சுற்றியுள்ள நிறம் இப்படி ஏமாற்றுவதை பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் விளக்கினார்.

வாங்க வேண்டியவை: 4 அடிக்கு 4 அடி, 6 மி.மீ. பிளைவூட் (2 அடிச் சதுரங்களாக அறுப்பிக்கவும்), வெள்ளை எமல்சன் 1 லீற்றர், அக்ரிலிக்கில் மஞ்சளும் நீலமும் தலா 200 மி.லி., மெஜென்ராவும் கறுப்பும் தலா 100 மி.லி., கட்டர், ஸ்பொஞ்ச், மாஸ்கிங் ரேப். பழைய எக்ஸ்ரே படம் இரண்டு வீட்டிலேயே இருக்கும். 35க்கு 43 செ.மீ. அளவுள்ளதாக எடுங்கள். சிவப்பு வாங்க வேண்டாம். மெஜென்ராவும் மஞ்சளும் சேர்ந்தால் நல்ல சிவப்பு வரும். கடைச் சிவப்பில் பெரும்பாலும் மஞ்சள் சாயல் இருப்பதால், அதில் நீலம் கலந்தால் ஊதாவுக்குப் பதில் சேற்று நிறமே கிடைக்கும்.

பலகைக்கு வெள்ளை எமல்சன் இரண்டு பூச்சு. பின்பக்கமும் ஒரு பூச்சு அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும். ஓர் இரவு காயட்டும்.

முதல் எக்ஸ்ரே படத்தில் 30 செ.மீ. வட்டம், இரண்டாவதில் 8 செ.மீ. அளவில் மூன்று கண்கள், இடையில் குறைந்தது 1.5 செ.மீ. விட்டு. எல்லாவற்றையும் ஒரே படத்தில் வெட்டப் பார்ப்பவர்கள் உண்டு: வட்டத்தை வெட்டியதும் கண்களும் அதோடு கழன்று விழுந்துவிடும். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரு மூலைகளில் ஓட்டை குத்துங்கள். அந்த ஓட்டை வழியே பலகையில் பென்சில் புள்ளி வைத்தால் கண்கள் இடம் மாறாது.

இனி நிறம். பின்னணி மஞ்சள், காய் ஊதா. பின்னணி பச்சை, காய் சிவப்பு. பின்னணி நீலம், காய் செம்மஞ்சள். நாலாவது வெள்ளையில் கறுப்பு. முதல் மூன்றும் நிறச் சக்கரத்தில் எதிரெதிர் நிறங்கள். சாம்பலுக்கு 100 மி.லி. வெள்ளை எமல்சனில் கறுப்பைத் துளித்துளியாக விடுங்கள். ஏறத்தாழ 5 மி.லி. போதும். மூன்று நிறக் காய்களும் இந்தச் சாம்பலுக்கு நெருங்கிய வெளிச்ச அளவில் இருந்தால்தான் ஏமாற்று நன்றாக வேலை செய்யும். ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஊதா கறுத்துத் தெரிந்தால் வெள்ளை சேர்க்கவும். செம்மஞ்சள் வெளிறித் தெரிந்தால் மெஜென்ராவைக் கூட்டவும். சரியாக வந்தால் ஊதாவில் சாம்பல் மஞ்சளடிக்கும், சிவப்பில் பச்சையடிக்கும், செம்மஞ்சளில் நீலமடிக்கும், கறுப்பில் வெளுத்து நிற்கும். பச்சையும் சிவப்பும் ஒரே வெளிச்ச அளவில் இருந்தால் விளிம்பு கண்ணைக் கூசும். பச்சையை வெளிற வையுங்கள், சிவப்பைத் தொட வேண்டாம்.

ஸ்பொஞ்சைப் பெயின்ற்றில் தொட்டு, பழைய பேப்பரில் ஒற்றி, பாதி காய்ந்த நிலையில் நேர்குத்தாகத் தட்டுங்கள். தேய்க்கக் கூடாது. தண்ணீர் கலந்தால் ஸ்ரென்சிலுக்கு அடியில் ஊறி விளிம்பு கெடும். மெல்லிய இரண்டு தட்டு, இடையில் அரை மணி நேரம். மாரியில் ஒரு மணிக்கு மேல் விடுங்கள். ஸ்ப்ரே ரின் அழகுதான். ஆனால் சோழகம் அடிக்கும்போது முற்றத்தில் அதைப் பிடித்தால் பெயின்ற் பக்கத்து வளவுக்குத்தான் போகும்.

பின்னணியில் பென்சிலின் அழிறப்பர் முனையால் கறுப்புப் புள்ளிகள் குத்தலாம். பழைய சித்திரக்கதை அச்சின் தோற்றம் வரும். கண்களைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடு போடாதீர்கள், ஏமாற்று அதோடு அடங்கிவிடும். கண்காட்சியில் நம்பாதவர்களுக்கென்று, நுங்குக் கண் அளவுக்கு ஒரு துளை போட்ட வெள்ளை மட்டைகள் நாலு வைத்திருங்கள். பலகைக்கு ஒன்றாக நாலையும் மூடிப் பார்க்கட்டும்.

பலகைக்குப் பதில் மதில் என்றால், சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புதுச் சீமெந்துப் பூச்சு 28 நாள் ஆறவேண்டும். சுண்ணாம்பு அடித்த மதிலில் அக்ரிலிக் பொருக்காக உரியும். கம்பிப் பிறஸால் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, பிறைமர் அடித்த பிறகுதான் ஸ்ரென்சிலை எடுக்க வேண்டும்.